தபால் மேசையில் ஒரு வாரம்

கேள்வி இதுதான். சென்னையில் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு சிறிய நாட்டின் நிதி அமைச்சகத்துக்கு இரண்டு வருடம் போகிறார். அந்த நாட்டின் வரி வருவாய் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 சதவீதம். அதை 15க்குக் கொண்டுபோக வேண்டுமாம். புது மென்பொருள், தன்னாட்சி வரி ஆணையம், சிறு வியாபாரிகளை வலைக்குள் இழுப்பது, ஊழல் ஒழிப்பு என்று ஒரு பட்டியல் அவர் போவதற்கு முன்பே தயாராக இருக்கிறது. "நீங்களாக இருந்தால் முதலில் எதைச் சொல்வீர்கள்?" என்று கேட்கிறார்.

நான் வரித்துறையில் கீழ்நிலை அலுவலராகச் சேர்ந்து, முப்பத்துச் சொச்சம் வருடம் கழித்து ஓய்வு பெற்றவன். எந்தத் துறை, எந்த அலுவலகம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஓய்வுக்குப் பிறகு இரண்டு வெளிநாடுகளுக்குச் சில வாரங்கள் பயிற்சி கொடுக்கப் போனதும் உண்டு. என் பேச்சுக்கு அந்த அளவுதான் மதிப்பு.

தம்பி, போய் இறங்கியதும் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். தலைநகருக்கு வெளியே ஏதாவது ஒரு வட்டார வரி அலுவலகத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே தபால் வாங்கிப் பதிவு செய்கிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு ஒரு வாரம் உட்காருங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு நம்ம ஊர் சம்பந்தப்பட்ட பழைய கதை ஒன்று இருக்கிறது.

மியூசிக் அகாடமி வாசலில் ஓடுகிற டி.டி.கே. சாலை, முன்பு மௌபரிஸ் ரோடு. அந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1956ல் நிதியமைச்சரானபோது, கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டர் இந்திய வரிகளைப் பற்றி எழுதிய அறிக்கை அப்போதுதான் வந்திருந்தது. அறிவுபூர்வமாகப் பார்த்தால் அழகான திட்டம். வருமானம், மூலதன ஆதாயம், செல்வம், செலவு, நன்கொடை என்று ஐந்துக்கும் வரி. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரிட்டர்ன். ஒன்றில் மறைத்தால் இன்னொன்றில் மாட்டிக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 சதவீதத்துக்கு இறக்கிவிட வேண்டும்.

டி.டி.கே. 1957ல் செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். நன்கொடை வரி அடுத்த வருடம் வந்தது. விகிதத்தை மட்டும் அவர் சொன்ன 45க்கு யாரும் இறக்கவில்லை. புது வரிகள் அரசாங்கத்துக்கு இனித்தன, விகிதக் குறைப்பு கசந்தது, அவ்வளவுதான். 1970களின் தொடக்கத்தில் உச்ச விகிதம் கூடுதல் வரியோடு சேர்த்து 97.75 சதவீதம் வரை போனது.

செலவு வரியின் கதி இன்னும் மோசம். ஒருவர் வருடத்தில் எவ்வளவு செலவழித்தார் என்று கண்டுபிடிக்க, வருடத் தொடக்கத்தில் அவரிடம் என்ன இருந்தது, முடிவில் என்ன இருந்தது, நடுவில் என்ன வந்தது என்று மூன்றும் தெரிய வேண்டும். கோப்பை நாடாவால் கட்டி அலமாரிக்கு மேல் போடுகிற அலுவலகத்தில் இது நடக்கிற காரியமா? வசூல் சொற்பம். 1962ல் எடுத்துவிட்டார்கள். 1963ல் மறுபடி நிதியமைச்சராக வந்த டி.டி.கே. 1964ல் மறுபடி கொண்டுவந்தார். 1966ல் மறுபடி எடுத்துவிட்டார்கள். செல்வ வரி மட்டும் தாக்குப்பிடித்தது. வசூலைவிட வேலை அதிகம் என்று 2015 பட்ஜெட்டில் அதையும் முடித்துவைத்தார்கள்.

கால்டர் அதோடு நிற்கவில்லை. இலங்கைக்கும் இதே செலவு வரியைச் சொன்னார், அவர்களும் போட்டார்கள், அங்கேயும் நிற்கவில்லை. கானாவுக்குப் போனார். பிரிட்டிஷ் கயானாவுக்குப் போனார். அங்கே அவர் யோசனைகளை ஒட்டி செட்டி ஜகன் அரசு 1962 ஜனவரி கடைசியில் போட்ட பட்ஜெட்டுக்கு எதிர்ப்பு கிளம்பி, பிப்ரவரி நடுவில் ஜார்ஜ்டவுன் நகரின் ஒரு பகுதி தீப்பற்றி எரிந்தது. அதற்கு அரசியல் காரணங்களும் இனக் காரணங்களும் நிறைய உண்டு, பழியை ஒரே ஆள் தலையில் போட முடியாது. ஆனால் அவ்வளவு பெரிய மூளைக்காரர் போன இடமெல்லாம் ஒரே சிக்கல் வந்ததென்றால், அவர் சட்டத்தைப் படித்தார், புள்ளிவிவரத்தைப் படித்தார், குமாஸ்தாவின் மேசையைப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பன்னாட்டு நிதியத்தில் வேலை பார்த்த மில்கா காசனெக்ரா இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: வளரும் நாடுகளில் வரி நிர்வாகம்தான் வரிக் கொள்கை. அலுவலகத்தால் எதை வசூலிக்க முடியுமோ அதுதான் அந்த நாட்டின் வரி. சட்டப் புத்தகத்தில் இருக்கிற மிச்சமெல்லாம் அச்சு மை.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. 1949ல் கார்ல் ஷூப் தலைமையில் ஓர் அமெரிக்கக் குழு ஜப்பானுக்குப் போனது. அவர்கள் சொன்ன பெரிய யோசனை மதிப்புக்கூட்டு வரி, அதாவது வாட்: ஒவ்வொரு கைமாற்றத்திலும் கூடிய மதிப்புக்கு மட்டும் வரி. சட்டம்கூட போட்டார்கள். அமலுக்கு வராமலே 1954ல் ரத்தானது. அதே குழு சொன்ன ஒரு சின்ன யோசனை, ஒழுங்காகக் கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு நீல நிறத்தில் தனி ரிட்டர்ன் படிவம். அந்தப் படிவத்தில் கொடுப்பவருக்குச் சில சலுகைகள், கணக்கைப் பார்க்காமல் அலுவலர் தன் இஷ்டத்துக்கு வரி போட முடியாது என்கிற பாதுகாப்பு. அந்த நீல ரிட்டர்ன் ஜப்பானில் இன்றைக்கும் நடக்கிறது. கடைக்காரருக்குக் கணக்கு எழுதுவதில் ஒரு லாபம் இருந்தது, அலுவலருக்கு வேலை குறைந்தது. நிலைத்துவிட்டது.

சரி, தபால் மேசையில் என்ன பார்ப்பது? மூன்று கேள்விகளுக்கு விடை எடுங்கள். பதிவேட்டில் எத்தனை பேர்? போன மாதம் அதில் எத்தனை பேர் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டார்கள்? போடாதவர்களில் எத்தனை பேருக்கு, எத்தனை நாளில் நோட்டீஸ் போனது? அமைச்சகத்தில் கேட்டால் உடனே ஓர் எண் சொல்வார்கள். வட்டார அலுவலகத்தில் வேறு எண் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அடைப்பதுதான் உங்கள் இரண்டு வருட வேலை.

நான் முதன்முதலில் ஒரு வட்டத்தின் பொறுப்பை ஏற்றபோது, பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஒரு உதவியாளரோடு தெருத் தெருவாக நடந்தேன். சவுகார்பேட்டை மாதிரி நெருக்கமான சந்துகள். ஜவுளி மொத்த வியாபாரம் என்று பதிவாகியிருந்த ஒரு விலாசத்தில் ஒரு பாட்டி பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். இன்னொன்றில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டி, பூட்டு, அவ்வளவுதான். அது பில் டிரேடிங். சரக்கு இல்லாமல் பில் மட்டும் விற்கிற வியாபாரம். செத்துப்போனவர், கடையை மூடியவர், ஒரே ஆள் மூன்று பெயரில் என்று கழித்துக்கொண்டே வந்தால் பதிவேடு கணிசமாக மெலிந்தது. மேலே இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை, எண்ணிக்கை குறைகிறதே என்று. ஆனால் அதற்கப்புறம்தான் "ரிட்டர்ன் போடாதவர்" என்றால் யார் என்று எனக்கு நிஜமாகத் தெரிந்தது. அதுவரை அனுப்பிய நோட்டீஸில் பாதி பாட்டியின் பஜ்ஜிக் கடைக்குப் போயிருக்கும்.

அடுத்தது, இதைத்தான் நீங்கள் அமைச்சரிடம் முதலில் சொல்ல வேண்டும்: பெரிய ஆட்களைத் தனியாகப் பிரியுங்கள். எந்த வளரும் நாட்டிலும் வரியின் பெரும்பகுதியைக் கட்டுவது சில நூறு நிறுவனங்கள்தான். சுங்கத்தில் எரிபொருள், வாகனம், சிமென்ட். உள்நாட்டில் வங்கி, செல்போன் கம்பெனி, பீர், சிகரெட், சுரங்கம். இவர்களுடைய கோப்புகள் ஒரே இடத்தில், நல்ல ஆட்களிடம் இருக்க வேண்டும். யார் 15ஆம் தேதி கட்டவில்லையோ அவர்களுக்கு 16ஆம் தேதி காலையில் போன் போக வேண்டும்.

இதற்கு இந்தோனேசியாவிலிருந்து நல்ல சான்று இருக்கிறது. அங்கே ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓரளவு பெரிய நிறுவனங்களை மட்டும் பிரித்து, நடுத்தர வரி செலுத்துவோர் அலுவலகம் என்று ஒன்றுக்கு மாற்றினார்கள். சட்டம் அதே, விகிதம் அதே. ஒரு அலுவலருக்கு இத்தனை கோப்பு என்பதை மட்டும் நன்றாகக் குறைத்தார்கள். ஆறு வருடத்தில் அந்த நிறுவனங்கள் கட்டிய வரி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. இதே வருமானத்தை விகிதத்தை ஏற்றி எடுக்க வேண்டுமென்றால் கம்பெனி வரியை 8 சதவீதப் புள்ளி உயர்த்த வேண்டியிருக்கும் என்று அதை ஆராய்ந்தவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2021ல் வெளியான ஆய்வு அது.

நம்ம நாட்டிலும் இதை முயன்றோம். 2006ல் பெங்களூரில் ஆரம்பித்து, சென்னையிலும் பெரிய வரி செலுத்துவோர் பிரிவு என்று ஒன்று வந்தது, அண்ணா நகர் மேற்குப் பக்கம் அலுவலகம். ஆனால் விருப்பப்பட்டவர்கள் சேரலாம் என்று வைத்தார்கள். வசதி என்று பார்த்தவர்கள் சேர்ந்தார்கள், மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஜிஎஸ்டி வந்ததும் அதன் கதை முடிந்தது. அந்தத் தப்பை அங்கே செய்ய விடாதீர்கள். யார் பெரியவர் என்று தீர்மானிப்பது துறையாக இருக்க வேண்டும்.

சுரங்கமோ வெளிநாட்டுக் கம்பெனியோ இருந்தால், லாபத்தை எந்த நாட்டில் காட்டுகிறார்கள் என்பதை உள்ளூர் தணிக்கையாளரால் முதலிலேயே பிடிக்க முடியாது. அதற்கு எல்லைகளற்ற வரி ஆய்வாளர்கள் என்று 2015லிருந்து ஒரு பன்னாட்டு ஏற்பாடு இருக்கிறது. அனுபவமுள்ள ஆய்வாளர் வந்து, அவர்களுடைய ஆட்களோடு உட்கார்ந்து, நிஜமான கோப்பிலேயே வேலை கற்றுக்கொடுப்பார். பூடானுக்கு இந்தியா 2021ல் இப்படித் துணைக்குப் போனது. வகுப்பறைப் பயிற்சியைவிட இது பத்து மடங்கு மேல் என்பது என் அபிப்பிராயம். நான் கொடுத்ததும் வகுப்பறைப் பயிற்சிதான், அதனால்தான் சொல்கிறேன்.

சிறு வியாபாரிகள் விஷயத்துக்குச் சுருக்கமாகவே பதில்: விட்டுவிடுங்கள், இப்போதைக்கு. தெருவோர இட்லிக் கடையைப் பதிவு செய்து, ரிட்டர்ன் வாங்கி, அதைக் கணினியில் ஏற்றி, போடாவிட்டால் நோட்டீஸ் அடிக்க ஆகும் செலவுக்கு அந்தக் கடையின் வரி காணாது. விலக்கு வரம்பை உயரமாக வையுங்கள். நம்ம ஊரில் சரக்கு வியாபாரத்துக்கு 40 லட்சம் ரூபாய் விற்றுமுதல் வரை ஜிஎஸ்டி பதிவே வேண்டாம்.

ஆனால் "உயரமாக" என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 2019 கடைசியில் இலங்கையில் மதிப்புக்கூட்டு வரியை 15லிருந்து 8 சதவீதமாக வெட்டினார்கள். பதிவு வரம்பை வருடத்துக்கு 1.2 கோடி இலங்கை ரூபாயிலிருந்து 30 கோடிக்குத் தூக்கினார்கள். சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கிற வரியையும் நிறுத்தினார்கள். எல்லாம் சில வாரங்களுக்குள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 சதவீதத்துக்கு அருகில் இருந்த வரி வருவாய் 2020ல் 8ஐ ஒட்டி வந்து நின்றது. கொரோனாவும் சேர்ந்துகொண்டது உண்மைதான். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அப்புறம் விகிதத்தைப் படிப்படியாக 18 சதவீதம் வரை ஏற்றினார்கள், வரம்பையும் இறக்கினார்கள். ஆனால் ஒரு தடவை பட்டியலை விட்டுப் போனவரைத் திரும்பக் கூட்டிவருவது லேசுப்பட்ட வேலை இல்லை. கணக்கு எழுதுகிற பழக்கமே விட்டுப்போயிருக்கும்.

அதில் எனக்கு அதிகமாக வலித்தது, சம்பளத்தில் பிடிப்பதை நிறுத்தியதுதான். ஏழை நாட்டு வரித்துறைக்கு இருக்கிற ஒரே நம்பகமான கருவி மூலத்தில் பிடிக்கிற வரி. நம்ம டிடிஎஸ்ஸையே பாருங்கள். பணம் கொடுப்பவர் பிடித்துக் கட்டிவிடுகிறார், வாங்குபவரின் பான் எண்ணோடு விவரமும் வந்துவிடுகிறது. அலுவலர் யார் வீட்டு வாசலுக்கும் போக வேண்டியதில்லை. அங்கே அரசாங்கமே பெரிய வாடிக்கையாளராக இருக்கும். சாலை போடும் ஒப்பந்ததாரர், மருந்து சப்ளை செய்பவர், வாடகைக்குக் கட்டடம் கொடுத்தவர் எல்லாருக்கும் கருவூலம்தான் பணம் தருகிறது. அந்தப் பட்டியலையும் வரிப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இருக்க வேண்டிய பெயர்கள் ஒன்றில் மட்டும் இருக்கும். இதற்கு மென்பொருள் வேண்டாம், ஒரு எக்செல் போதும்.

மதிப்புக்கூட்டு வரி தன்னைத்தானே காவல் காக்கும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. கோடவுன் தெருவில் மொத்த வியாபாரி பில் கொடுக்காவிட்டால் வாங்குகிற சில்லறைக் கடைக்காரர் அந்தச் சரக்குக்குக் கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியாது, அதனால் அவர் பில் கேட்பார். அதே சில்லறைக் கடையில் நாம் போய்ப் புடவை எடுத்தால், "பில் வேணுமா சார்? போட்டா வரி சேரும்" என்று கேட்பார்கள். நாமும் "வேண்டாம்பா" என்று சொல்லிவிட்டு வருவோம். சங்கிலி அங்கே அறுந்துவிடுகிறது. சிலி நாட்டில் லட்சக்கணக்கான நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பிச் செய்த பரிசோதனையிலும் இதுதான் தெரிந்தது. தணிக்கை வரும் என்ற எச்சரிக்கைக்கு அதிகம் அசைந்தது, பில் கேட்க ஆளில்லாத அந்தக் கடைசி விற்பனைதான்.

பிரேசிலின் சாவ் பாலோ மாநிலம் 2007ல் இதற்கு ஒரு வழி செய்தது. வாங்குபவர் தன் எண்ணைக் கொடுத்து பில் வாங்கினால் வரியில் ஒரு பங்கு அவருக்கே திரும்பும், குலுக்கலில் பரிசும் உண்டு. சில்லறை வியாபாரிகள் காட்டிய விற்பனை நாலு வருடத்தில் 20 சதவீதத்துக்கு மேல் கூடியது. பக்கத்தில் கேரளாவிலும் 2022ல் "லக்கி பில்" என்று ஒரு செயலி விட்டார்கள். செய்யலாம், ஆனால் மூன்றாவது நாலாவது வருடத்தில். பில்லைப் பதிவு செய்ய ஏற்பாடே இல்லாத இடத்தில் குலுக்கல் நடத்தினால் பரிசு மட்டும்தான் மிஞ்சும்.

மென்பொருள். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உங்களைச் சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேர் அதை விற்க வந்தவர்களாக இருப்பார்கள்.

2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது திட்டம் பிரமாதமாக இருந்தது. விற்றவர் ஒவ்வொரு பில்லையும் ஏற்றுவார், வாங்கியவர் ஒவ்வொன்றையும் ஒப்புக்கொள்வார், கணினி பொருத்திப் பார்க்கும், வரி தானாக வந்து நிற்கும். மாதத்துக்கு மூன்று படிவம். கெடு தேதியன்று இரவு தளம் திணறியது. தி.நகரில் ஆடிட்டர் அலுவலகங்களில் பையன்கள் நள்ளிரவில் உட்கார்ந்து "அப்லோட் ஆகுதா?" என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நவம்பரிலேயே இரண்டாவது, மூன்றாவது படிவங்களை நிறுத்திவைத்தார்கள். தற்காலிகமாக ஒன்றிரண்டு மாதங்களுக்கு என்று கொடுத்த 3பி என்ற சுருக்கப் படிவமே நிரந்தரமாகிவிட்டது. பொருத்திப் பார்க்கிற வசதி இல்லாத அந்த இடைவெளியில் போலி பில் வியாபாரிகள் புகுந்து விளையாடினார்கள்.

அப்புறம் என்ன செய்தார்கள் என்பதுதான் உங்களுக்குப் பாடம். மின்விலைப்பட்டியலை, அதாவது ஒவ்வொரு பில்லையும் அரசுத் தளத்தில் பதிவு செய்து கொடுப்பதை, 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் கட்டாயமாக்கினார்கள். அடுத்து 100 கோடி, 50, 20, 10. 2023 ஆகஸ்டில் 5 கோடி. ஒவ்வொரு படியிலும் பழுது பார்த்துவிட்டு அடுத்த படி. பெரிய கம்பெனியில் கணினி ஆட்கள் இருப்பார்கள், தடுமாறினாலும் சமாளிப்பார்கள். அவர்கள் பழகுவதற்குள் சின்னவர்களுக்கான மென்பொருள் சந்தையில் மலிவாகிவிடும். 2017ல் எல்லாரையும் ஒரே நாளில் ஏற்றியதையும் 2020ல் படிப்படியாக ஏற்றியதையும் ஒரே பக்கத்தில் எழுதி அமைச்சரிடம் காட்டுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

தமிழ்நாடு வாட் வரிக்குத் தாமதமாகத்தான் வந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்காது, சின்னப் பையனாக இருந்திருப்பீர்கள். பல மாநிலங்கள் 2005 ஏப்ரலில் ஆரம்பித்தன, இங்கே வணிகர்களின் எதிர்ப்பெல்லாம் முடிந்து 2007 ஜனவரி 1. 1939ல் ராஜாஜி, மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட நாட்டிலேயே முதலில் பொது விற்பனை வரி போட்ட ஊர் இது. அதே ஊர் வாட்டுக்கு ஒன்றேமுக்கால் வருடம் பின்னால் வந்தது. அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. முன்னால் போனவர்கள் தடுக்கி விழுந்த இடம் தெரிந்தது. அமைச்சர் அவசரப்பட்டால் இதைச் சொல்லலாம்.

ரீபண்ட் பற்றி உங்கள் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஏற்றுமதி செய்கிறவர் உள்ளே கட்டிய வரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது அவருடைய பணம். ஏழை அரசாங்கத்தின் கையில் அந்தப் பணம் நிற்கும்போது கொடுக்க மனசு வராது. இலக்கு எட்டவில்லையா, ரீபண்டை நிறுத்து. கணக்குப்படி வசூல் ஏறிவிடும். இந்த வித்தை எல்லா நாட்டு வரித்துறைக்கும் தெரியும். இன்னொரு வித்தை, வருடக் கடைசி மாதத்தில் பெரிய கம்பெனிக்குப் போன் போட்டு, "அடுத்த மாத வரியை இந்த மாதமே கட்டிவிடுங்கள், உதவியாக இருக்கும்" என்று கேட்பது. நானும் கேட்டிருக்கிறேன். ஒரு மார்ச்சில், கிண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கணக்கு மேலாளர் சிரித்துக்கொண்டே, "ஏப்ரல்ல என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஏப்ரலில் அடுத்த மார்ச்சைப் பற்றிக் கவலைப்படுவோம், அதுதான் நிஜமான பதில்.

நீங்கள் அங்கே செய்ய வேண்டியது, வசூல் அறிக்கையில் ரீபண்டைக் கழித்த நிகர எண்ணையும், கொடுக்காமல் நிற்கிற ரீபண்டையும் தனி வரியாகப் போட வைப்பது. அந்த ஒரு வரி அச்சாக ஆரம்பித்துவிட்டால், நிறுத்தி வைப்பது கொஞ்சமாவது கூச்சமான காரியமாகிவிடும்.

பழைய பாக்கியும் இப்படித்தான். காகிதத்தில் ஆயிரக்கணக்கான கோடி நிற்கும், அதில் பெரும்பகுதி வராது. 2023ல் தமிழ்நாடு அரசு சமாதானத் திட்டம் ஒன்று கொண்டுவந்து, 50,000 ரூபாய்க்கு உட்பட்ட பழைய விற்பனை வரி பாக்கிகளை முழுவதுமாகத் தள்ளுபடி செய்தது. சரியான வேலை. அந்தக் கோப்புகளைப் புரட்டுகிற ஆளின் சம்பளம் அதைவிட அதிகம். இதை மறைத்த வருமானத்துக்குக் கொடுக்கிற பொதுமன்னிப்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 1997ல் இந்தியா அப்படி ஒரு தானாக அறிவிக்கும் திட்டம் நடத்தி ஏறக்குறைய 10,000 கோடி ரூபாய் வரி வசூலித்தது. அந்த வருடத்துக்கு நல்ல வசூல். ஒழுங்காகக் கட்டியவர் என்ன நினைத்திருப்பார்? இன்னொன்று வரும், காத்திருப்போம் என்றுதான்.

தன்னாட்சி ஆணையம் வேண்டுமா என்றால், எனக்கு அதில் பெரிய பக்தி கிடையாது, வெறுப்பும் கிடையாது. கானா 1980களில் தொடங்கி வைத்தது, உகாண்டா 1991ல், கென்யா 1995ல், ருவாண்டா 1990களின் கடைசியில். அரசு ஊழியர் சம்பள விகிதத்திலிருந்து விடுபட்டு நல்ல ஆட்களை எடுக்கலாம் என்பதுதான் கவர்ச்சி. உகாண்டாவில் 7 சதவீதத்தை ஒட்டியிருந்த வரி வருவாய் சில வருடங்களில் 12ஐ நெருங்கியது, பிறகு நின்றுவிட்டது. ஊழலை விசாரிக்க நீதிபதி ஜூலியா செபுடிண்டே தலைமையில் ஆணையம் வைக்கிற அளவுக்குப் போனது. அப்புறம் 2004ல் ஆலன் ககினா தலைமைக்கு வந்து, எல்லா ஊழியர்களையும் தங்கள் வேலைக்கே மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லிச் சலித்து எடுத்தார்.

தென்னாப்பிரிக்கா கதை இன்னும் கசப்பு. அங்கே 1997ல் அமைத்த வரித்துறை உலகமே பாராட்டுகிற அளவுக்கு வளர்ந்தது. 2014ல் டாம் மொயானே தலைவராக வந்து, பெயின் என்ற ஆலோசனை நிறுவனத்தை வைத்து "மறுசீரமைப்பு" செய்தார். பெரிய நிறுவனங்களைக் கவனித்த பிரிவைக் கலைத்தார்கள், அனுபவசாலிகள் வெளியே போனார்கள், வசூல் சரிந்தது. 2018ல் நீதிபதி நூஜண்ட் விசாரணை ஆணையம் இதையெல்லாம் பதிவு செய்தது. பெயின் வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பதினேழு வருடத்தில் கட்டியது நாலே வருடத்தில் சிதைந்தது, அதுவும் உங்களைப் போல வெளியிலிருந்து வந்த ஆலோசகர்கள் கையால். தலைவரை யார் நியமிப்பது, எந்தக் காரணத்துக்காக நீக்கலாம் என்பதைச் சட்டத்தில் எழுதாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றினால் இதுதான் நடக்கும்.

லஞ்சத்தைப் பொறுத்தவரை, வசூலில் பங்கு கொடுத்தால் அலுவலர் நேர்மையாகிவிடுவார் என்று யாராவது சொல்வார்கள். பாகிஸ்தானின் பஞ்சாபில் சொத்து வரி அலுவலர்களுக்கு இப்படி ஊக்கத்தொகை கொடுத்துப் பார்த்தார்கள். வசூலின் வளர்ச்சி 46 சதவீதம் அதிகமாக இருந்தது, பொய் இல்லை. கூடவே லஞ்சத்தின் அளவும் ஏறியது. சில சொத்துகள் புதிதாகச் சரியான மதிப்புக்கு வந்தன. மற்ற இடங்களில், "நான் எழுதினால் எனக்கு இவ்வளவு கிடைக்கும், எழுதாமல் விட நீ அதைவிட அதிகம் கொடு" என்று பேரம் உயர்ந்துவிட்டது. அலுவலரும் வியாபாரியும் நேரில் உட்கார்ந்து தொகையைப் பேசித் தீர்க்கிற இடங்களைக் குறைப்பதுதான் எனக்குத் தெரிந்த மருந்து. மாநில எல்லைச் சோதனைச் சாவடிகள் ஜிஎஸ்டியோடு போனதில் அந்த மாதிரி நிறைய இடங்கள் ஒரே நாளில் காணாமல் போயின. முகமறியா மதிப்பீடு என்று வருமான வரியில் 2019லிருந்து கொண்டுவந்ததற்கும் நோக்கம் அதுதான். அதில் ஆரம்பத்தில் கேட்காமல் கொள்ளாமல் போட்ட உத்தரவுகளை நீதிமன்றங்கள் நிறைய ரத்து செய்தன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, இரண்டு வருடத்தில் 11ஐ 15 ஆக்க முடியுமா? ஜார்ஜியா 2003ல் 12 சதவீதத்தில் இருந்து ஐந்து வருடத்தில் 25க்குப் போனது. 21 வகை வரிகளை 7 ஆக்கினார்கள். ஆனால் அங்கே ஒரு புரட்சி நடந்து, புது அரசாங்கம் போக்குவரத்துப் போலீஸ் முழுவதையும் வீட்டுக்கு அனுப்பிய காலம் அது. உங்களுக்கு அப்படி ஒரு காற்று அடிக்கப்போவதில்லை. வருடத்துக்கு அரை சதவீதப் புள்ளி ஏறினால் நல்ல வேலை என்று நான் சொல்வேன். அமைச்சருக்கு முகம் வாடும். வாடட்டும். அந்த நேரத்தில் அவர் கையில் கொடுக்க, தபால் மேசையில் எடுத்த அந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஆறு மாதத்தில் எந்த எண் எவ்வளவு மாறும் என்று பக்கத்தில் எழுதுங்கள். அதில் கையெழுத்துப் போடத் தயங்கினால் மட்டும் எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்வது என்று யோசிப்போம்.